சிங்க்ரோட்ரான் ஒளியில் மண்ணும் கனிமமும்: திட்டமிடுவது முதல் தரவைப் படிப்பது வரை

ஒரு மண் மாதிரியில் ஆர்செனிக் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் ஓடவிட்டுச் செறிந்த எக்ஸ் கதிரை உண்டாக்கும் இயந்திரம்) தேவையில்லை. அமிலத்தில் கரைத்து, ஆய்வகத்திலுள்ள பிளாஸ்மா நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் போதும். ஆனால் அந்த ஆர்செனிக் மூன்று இணைதிறனில் இருக்கிறதா ஐந்திலா, இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறதா, சல்ஃபைடு படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று கேட்டால் அந்த வழியில் விடை வராது. கரைத்த கணத்திலேயே அந்தத் தகவல் அழிந்துவிடுகிறது. ஆர்செனிக் நிலத்தடி நீருக்குள் கசியுமா என்பதோ பெரும்பாலும் இந்தக் கேள்வியின் விடையைத்தான் பொறுத்திருக்கிறது.

மாதிரியைக் கரைக்காமல், அது இருக்கிற நிலையிலேயே ஒரு தனிமத்தின் வேதிநிலையைக் கேட்டறிய முடிவதுதான் சிங்க்ரோட்ரான் ஒளியின் பெரிய பயன். மண், பாறை, மின்கல மின்வாய், வினையூக்கி, சிமென்ட் என எதுவானாலும் அடிப்படை இதுதான். இந்த வழிகாட்டி எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியலை (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிரை மாதிரி உட்கவர்கிறது என்று அளப்பதை) நடுவில் வைத்துக்கொண்டு, பிற முறைகளைத் தேவையான அளவுக்கு மட்டும் தொடுகிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வீணாகிப்போன பீம்டைம்களில் (பயனருக்கு ஒதுக்கப்படும் கற்றை நேரங்களில்) பெரும்பகுதி இயந்திரக் கோளாறால் வீணானதல்ல. ஊரிலேயே செய்திருக்க வேண்டிய மாதிரி வேலையும் கணக்கும் செய்யப்படாததால் வீணானவை.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக

ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போது அவை ஆற்றலை ஒளியாக உதறுகின்றன. 1947-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் முடுக்கியில் இது முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. முடுக்கி வல்லுநர்களுக்கு அப்போது அது ஆற்றல் இழப்பு. எரிச்சல் தரும் விஷயம். இன்று அந்த ஒளிக்காகவே வளையங்கள் கட்டப்படுகின்றன. கிரெனோபிளில் இருக்கும் ஐரோப்பிய வளையம் 844 மீட்டர் சுற்றளவு, 6 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளையம் 1,436 மீட்டர், 8 கிகா. இந்தூரின் இண்டஸ்-2 வளையம் 172.5 மீட்டர், 2.5 கிகா. ஸ்வீடனின் மேக்ஸ்-4 தொடங்கிவைத்த புதிய காந்த அமைப்பு கற்றையை இன்னும் மெலிதாக்கிவிட்டது.

பயனருக்கு முக்கியமான குணங்கள் மூன்று: செறிவு, மெலிந்த கற்றை, ஆற்றலை விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் வசதி. இந்த மூன்றாவதுதான் நிறமாலையியலுக்கு உயிர். ஆய்வக எக்ஸ் கதிர்க் குழாயில் செம்பு வரியோ மாலிப்டினம் வரியோதான் கிடைக்கும். இங்கே ஒரு சிலிக்கான் படிகத்தைத் திருப்பினால் 11,867-லிருந்து 11,868 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு நகரலாம். அலைநீளம் வேண்டுமென்றால், 12.398-ஐக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“எங்கள் கனிமத்தைச் சிங்க்ரோட்ரானில் ஆராய வேண்டும்” என்பது கேள்வி அல்ல. “ஈர நிலத்து மண்ணில் வெள்ளம் வடிந்த பிறகு ஆர்செனிக்கில் எத்தனை பங்கு மூன்று இணைதிறனில் இருக்கிறது?” என்பது கேள்வி. இப்படி எழுதியவுடன் முறை தானாக விழும்.

ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய ஓர் ஆற்றலில் உட்கவர்தல் சட்டென எகிறும்; அதுதான் விளிம்பு. இணைதிறன் வேண்டுமென்றால் விளிம்புக்கு அருகிலுள்ள நிறமாலை, அதாவது சேன்ஸ் (XANES). அண்டை அணு எது, எவ்வளவு தூரத்தில், எத்தனை என்றால் விளிம்புக்கு அப்பால் பல நூறு எலக்ட்ரான் வோல்ட் வரை நீளும் அலைகள், அதாவது எக்சாஃப்ஸ் (EXAFS). படிகக் கட்டங்களும் அவற்றின் பங்கும் என்றால் விளிம்பு விளைவு (diffraction; மேலே சொன்ன விளிம்பு வேறு, இது வேறு). எங்கே இருக்கிறது என்றால் நுண்கற்றை உடனொளிர்வு (கதிர் பட்ட தனிமம் திருப்பி உமிழும் ஒளி) வரைபடம். நுண்துளைகள் எப்படி இணைந்திருக்கின்றன என்றால் பல திசைப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்கும் டோமோகிராஃபி. நன்கு படிகமான கலவையில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கனிமத்தை இனங்காண்பதுதான் நோக்கமென்றால் ஆய்வக விளிம்பு விளைவுக் கருவியே போதும். அங்கே முடிகிற வேலையை இங்கே கொண்டுவந்தால் விண்ணப்பக் குழு உடனே கண்டுபிடித்துவிடும்.

படி 2: விளிம்பைத் தேர்ந்தெடுத்து, மோதல்களைத் தேடுங்கள்

அடிக்கடி தேவைப்படும் கே விளிம்புகள் (அணுவின் மிக உள்ளே உள்ள எலக்ட்ரான் கூட்டுக்குரியவை), எலக்ட்ரான் வோல்ட்டில்: கந்தகம் 2,472, டைட்டேனியம் 4,966, குரோமியம் 5,989, மாங்கனீசு 6,539, இரும்பு 7,112, நிக்கல் 8,333, செம்பு 8,979, துத்தநாகம் 9,659, ஆர்செனிக் 11,867, செலினியம் 12,658. கனமான தனிமங்களுக்கு அடுத்த கூட்டின் எல்3 விளிம்பு: தங்கம் 11,919, ஈயம் 13,035, யுரேனியம் 17,166. கந்தகம் போன்ற தாழ் ஆற்றல் விளிம்புகளைக் காற்றே விழுங்கிவிடும். ஹீலியமோ வெற்றிடமோ கட்டாயம்; அதற்கான பீம்லைனும் (வளையத்திலிருந்து கற்றையை மாதிரிக்குக் கொண்டுவரும் அளவீட்டு நிலையமும்) வேறு.

இந்தப் பட்டியலை உங்கள் மாதிரியின் முழு வேதிப்பகுப்போடு வைத்துப் பாருங்கள். மோதல் மூன்று விதமாக வரும்.

முதலாவது, அடுத்த விளிம்பு குறுக்கே வந்து எக்சாஃப்ஸை வெட்டிவிடுவது. மாங்கனீசு விளிம்பிலிருந்து 573 எலக்ட்ரான் வோல்ட் தாண்டினால் இரும்பு விளிம்பு. எக்சாஃப்ஸில் பயன்படும் அலை எண்ணின் (k) இருமடி, விளிம்பிலிருந்து உள்ள ஆற்றல் தூரத்தை 0.2625-ஆல் பெருக்கியதற்குச் சமம். 573-க்கு அலை எண் 12.3 வருகிறது. எனவே இரும்பு கலந்த மண்ணில், சாதாரண டிடெக்டரை வைத்து மாங்கனீசை அதற்கு மேல் பார்க்க முடியாது. விண்ணப்பத்தில் 14 வரை என்று எழுதியிருந்தால் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, உடனொளிர்வு வரிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுவது. ஆர்செனிக்கின் கே-ஆல்ஃபா 10,544, ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10,551. எந்த டிடெக்டராலும் சாதாரணமாக இதைப் பிரிக்க முடியாது. ஆனால் ஈயத்தைத் தூண்ட 13,035-க்கு மேல் போக வேண்டும். வரைபடத்தை 12,500-இல் எடுங்கள். ஈயம் பேசாது, வருவதெல்லாம் ஆர்செனிக். பிறகு 13,200-இல் இன்னொன்று எடுத்து இரண்டையும் கழித்தால் ஈயத்தின் இடம் தெரியும். ஆய்வக நுண் உடனொளிர்வுக் கருவியில் இந்த வசதி கிடையாது.

மூன்றாவது, மீள வழியே இல்லாதது போலத் தோன்றும் மோதல். ஆர்செனோபைரைட்டுக்குள் கரைந்திருக்கும் தங்கத்தைத் தேடுபவர்களுக்கு இது பழக்கம். தங்கத்தின் எல்3 விளிம்பு ஆர்செனிக் விளிம்பிலிருந்து 52 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே மேலே இருக்கிறது. சில பத்து பி.பி.எம். தங்கத்தைத் தூண்டினால் அந்தப் பாறையின் பாதி எடை ஆர்செனிக்கும் சேர்ந்து ஒளிர்கிறது. படிகப் பகுப்பான் வைத்த உயர் பிரிதிறன் டிடெக்டர் உள்ள பீம்லைனைத் தேடுவதுதான் வழி.

படி 3: விண்ணப்பம்

பெரும்பாலான மையங்கள் ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பம் வாங்குகின்றன. 8 மணி நேரம் கொண்ட ஷிஃப்ட் கணக்கில் நேரம் தருகின்றன. முடிவுகளை வெளியிடும் ஆய்வென்றால் பொதுவாகக் கட்டணமில்லை. எழுதத் தொடங்கும் முன் பீம்லைன் விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தனிமம், செறிவு, மாதிரிகளின் எண்ணிக்கை, வெப்பநிலை. அவர் சொல்லும் இரண்டு வரி, பத்துப் பக்க இணையப் படிப்புக்குச் சமம்.

நேரக் கணக்கை மாதிரி வாரியாகக் காட்டுங்கள். 100 பி.பி.எம். ஆர்செனிக் உள்ள மண்ணுக்கு ஒரு எக்சாஃப்ஸ் ஸ்கேன் 40 நிமிடம், ஆறு ஸ்கேன், ஆகவே 4 மணி நேரம், இத்தனை மாதிரி, ஒப்பீட்டுச் சேர்மங்களுக்கு இவ்வளவு, சீரமைப்புக்கு அரை ஷிஃப்ட். இப்படி எழுதியவர்களுக்கும் “18 ஷிஃப்ட் தேவை” என்று மட்டும் எழுதியவர்களுக்கும் கிடைக்கும் மதிப்பெண் வேறு. கதிரியக்கம், நச்சு, நானோ துகள் ஏதாவது இருந்தால் பாதுகாப்புப் படிவத்தை அப்போதே தொடங்கிவிடுங்கள்.

படி 4: மாதிரி

இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது.

செறிவு அதிகம் என்றால், தோராயமாகச் சில சதவீதத்துக்கு மேல், கதிரை ஊடுருவவிட்டு அளக்கலாம். அதற்குத் தடிமன் கணக்கிட வேண்டும். இலக்கு: விளிம்பில் உட்கவர்தல் ஏறக்குறைய 1 அளவுக்கு எகிற வேண்டும், விளிம்புக்கு மேலே மொத்த உட்கவர்தல் 2.5-ஐத் தாண்டக் கூடாது. இவை இயல் மடக்கை அளவில்.

ஹெமடைட்டை எடுத்துக்கொள்வோம். இரும்பின் நிறை உட்கவர் எண் விளிம்புக்குக் கீழே கிராமுக்கு 53 சதுர செ.மீ., மேலே 408. தாவல் 355. ஹெமடைட்டில் இரும்பு 70 சதவீதம், ஆக 248. தாவல் 1 வேண்டுமென்றால் சதுர செ.மீ.க்கு 4 மில்லிகிராம். 13 மி.மீ. விட்டமுள்ள வில்லையின் பரப்பு 1.33 சதுர செ.மீ.; எனவே தேவை 5.4 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவைத் தனியாக வில்லையாக அழுத்த முடியாது. 100 மில்லிகிராம் போரான் நைட்ரைடோ செல்லுலோசோ சேர்த்து அழுத்துங்கள். போரான் நைட்ரைடு தன் பங்குக்கு 0.5 முதல் 0.6 வரை உட்கவரும்; மொத்தம் 1.8-க்குள் நிற்கும்.

எடை சரியாக இருந்தாலும் துகள் பெரிதாக இருந்தால் நிறமாலை கெடும். இரும்பு விளிம்புக்குச் சற்று மேலே ஹெமடைட்டின் உட்கவர் நீளம் 7 மைக்ரானுக்கும் குறைவு. 400 மெஷ் சல்லடையில் சலித்த தூள் 38 மைக்ரான் வரை இருக்கும். அந்தத் துகளின் நடுவே ஒளி போகாது, துகள்களுக்கு இடையே உள்ள சந்தில் அப்படியே போகும். ஓட்டைக் குடையின் துணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நனைவது நனைவதுதான். இதன் விளைவு: உச்சிகள் தட்டையாகும், எக்சாஃப்ஸ் வீச்சு குறையும், அண்டை அணுக்களின் எண்ணிக்கை குறைவாக வரும். எந்த மென்பொருளும் இதை நம்பகமாகத் திருத்தாது.

சல்லடையை நம்பாமல் வண்டல் முறையில் பிரியுங்கள்:

அகேட் கல்வத்தில் ஐசோபுரோப்பனால் சேர்த்து 15 முதல் 20 நிமிடம் அரையுங்கள். ஈரமாக அரைப்பது சூட்டையும் தூள் பறப்பதையும் தடுக்கும்.

கலவையை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நன்கு குலுக்கி, அதிராத இடத்தில் நிறுத்துங்கள்.

அடர்த்தி 5.2 கொண்ட 2 மைக்ரான் ஹெமடைட் துகள் ஐசோபுரோப்பனாலில் 3 செ.மீ. இறங்க, ஸ்டோக்ஸ் விதிப்படி, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 5 மைக்ரான் துகள் 17 நிமிடத்தில் இறங்கிவிடும். எனவே ஒன்றே முக்கால் மணி கழித்து மேலுள்ள 3 செ.மீ.யை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்சினால் கிடைப்பது 2 மைக்ரானுக்குக் கீழ்.

உலர்த்தி, எடைபோட்டு, போரான் நைட்ரைடுடன் குறைந்தது 10 நிமிடம் கலந்து அழுத்துங்கள். வில்லையை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் கருமை தெரிந்தால் கலக்கவில்லை என்று பொருள். உடைத்து மறுபடி கலக்குங்கள்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. பல கனிமங்கள் கலந்த மண்ணில் வண்டல் பிரிப்பு, களிமண்ணை மேலேயும் கனமானவற்றைக் கீழேயும் ஒதுக்கி, கலவையின் விகிதத்தையே மாற்றிவிடும். அது தூய ஒப்பீட்டுச் சேர்மங்களுக்கு மட்டும். மண்ணை முழுதாக அரையுங்கள். ஆர்செனிக் போன்ற சுவடுத் தனிமம் நூறு பி.பி.எம். அளவில் பரவியிருந்தால் துகள் விளைவு அவ்வளவு கடுமையாக இருக்காது. தனித் துகள்களில் செறிந்திருந்தால் இருக்கும்.

காற்றால் மாறும் மாதிரிகளுக்கு விதி எளிது, பின்பற்றுவது கடினம். வெள்ளத்தில் கிடந்த மண்ணைத் திறந்த மேசையில் உலர்த்தினால் மூன்று இணைதிறன் ஆர்செனிக் ஐந்தாகிவிடும், இரும்பு சல்ஃபைடுகள் ஆக்சைடாகிவிடும். களத்திலேயே மூடி, பனியில் வைத்து, ஆக்சிஜன் இல்லாத கையுறைப் பெட்டிக்குள் பிரித்து, கேப்டன் என்ற நெகிழிப் படலத்தில் பொதிந்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உலர் கொள்கலனில் அனுப்ப வேண்டும். ஈரமான நிலையிலேயே அளப்பது நல்லது. கேப்டன் நாடாவின் பசையிலும் உலோகச் சுவடுகள் இருக்கக்கூடும். வெறும் நாடாவை மட்டும் வைத்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

படி 5: பீம்லைனில் முதல் சில மணி நேரம்

மோனோகுரோமேட்டரில் (ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் படிகக் கருவியில்) எந்த சிலிக்கான் முகம் என்று கேளுங்கள். 111 முகத்தின் ஆற்றல் அகலம் பத்தாயிரத்துக்கு 1.3 பங்கு, ஆர்செனிக் விளிம்பில் அது சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட். போதும். ஆனால் அந்தப் படிகம் மும்மடங்கு ஆற்றலையும் சேர்த்து அனுப்பும். இரும்பு விளிம்பில் நிற்கும்போது 21.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளி மாதிரியைத் துளைத்துக்கொண்டு போய் டிடெக்டரில் விழுந்தால், தடித்த மாதிரி மெலிந்தது போலத் தெரியும். இரண்டாம் படிகத்தைச் சற்றே விலக்கி, செறிவு 30 முதல் 40 சதவீதம் குறையும்படி வைப்பார்கள். அல்லது கண்ணாடியால் வடிகட்டுவார்கள். சோதனை: ஒரு இரும்புத் தகடு, பிறகு அதேபோல இரண்டு சேர்த்து. தாவல் இரட்டிக்கவில்லை என்றால் கசிவு இருக்கிறது.

கற்றையின் செறிவை அளக்கும் அயனியாக்க அறைகளின் வாயுவும் ஆற்றலுக்கேற்ப மாற வேண்டும். 10 செ.மீ. நைட்ரஜன் இரும்பு விளிம்பில் ஏறத்தாழ 12 சதவீதத்தை உட்கவரும். முதல் அறைக்குப் பொருத்தம். அதே அறை 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே பிடிக்கும். ஆர்கான் கலக்க வேண்டும். முந்தைய பயனர் விட்டுச்சென்ற வாயுவோடு இரவு முழுக்க அளந்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

ஆற்றல் அளவீட்டுக்கு மூன்றாவது அறைக்கு முன் ஒரு உலோகத் தகடு எப்போதும் இருக்கட்டும். ஆர்செனிக்குக்குத் தங்கத் தகடு வசதி: 11,919. மோனோகுரோமேட்டர் சூடேறி இரவில் அரை எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்தாலும் இந்தத் தகடு காட்டிக்கொடுக்கும்.

உடனொளிர்வில் அளக்கும்போது மாதிரி கற்றைக்கு 45 பாகையிலும், டிடெக்டர் கிடைத்தளத்தில் 90 பாகையிலும் இருக்க வேண்டும். ஒளி கிடைத்தளத்தில் முனைவாக்கம் பெற்றிருப்பதால் அந்தத் திசையில் சிதறல் மிகக் குறைவு. மண்ணில் இரும்பு 5 சதவீதம், ஆர்செனிக் 100 பி.பி.எம். என்றால் டிடெக்டரை நிரப்புவது இரும்பின் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளிதான். 100 மைக்ரான் அலுமினியத் தகட்டை டிடெக்டர் முன் வையுங்கள். இரும்பு ஒளியில் 8 சதவீதம் மட்டும் கடக்கும். ஆர்செனிக் ஒளியில் பாதிக்கு மேல் கடக்கும். சமையலறைத் தகடு 15 மைக்ரான் அளவில் இருக்கும். ஆறேழு அடுக்காக வைத்தாலும் வேலை நடக்கும். டிடெக்டரின் செயலற்ற நேரம் (எண்ண முடியாமல் தவறவிடும் நேரம்) 20 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

செறிவு மிகுந்த மாதிரியை உடனொளிர்வில் அளந்தால் தன்-உட்கவர்தல் உச்சிகளை அமுக்கிவிடும். ஊடுருவல் முறைக்கு மாறுங்கள், அல்லது மாதிரியை நீர்க்கச் செய்யுங்கள். திருத்த மென்பொருள் கடைசி வழி.

நிறமாலையில் திடீர் ஊசி போன்ற உச்சி வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு குவார்ட்ஸ் துகள் ஒளியை நேரே டிடெக்டருக்குள் வளைத்து அனுப்புகிறது. மாதிரியை இரண்டு மூன்று பாகை திருப்புங்கள்; ஊசி நகரும் அல்லது மறையும். களிமண், மாலிப்டினைட் போன்ற அடுக்குக் கனிமங்களில் முனைவாக்கம் வேறொரு தொல்லை தரும்: தகடுகள் படுத்த நிலையில் அடுக்கினால் நிறமாலை கோணத்துக்குக் கோணம் மாறும். மின்புலத்துக்கும் மாதிரியின் செங்குத்துக்கும் இடையே 54.7 பாகை வைத்தால் அந்த விளைவு சமனாகும்.

படி 6: கற்றை மாதிரியை மாற்றுகிறதா

இதைத் தவிர்த்துவிட்டு எழுதப்பட்ட முடிவுகளை நம்புவது கடினம். நான்கு இணைதிறன் மாங்கனீசு, ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டும் கற்றையில் எளிதில் ஒடுங்கும். மூன்று இணைதிறன் ஆர்செனிக் ஈரத்தில் ஆக்சிஜனேற்றமடையும். நீர் கலந்த எரிமலைக் கண்ணாடியில் இரும்பும் அப்படியே. காரணம் நேரடி வெப்பம் அல்ல. கதிர் நீரை உடைத்து உருவாக்கும் ஹைட்ராக்சில் உறுப்புகளும் (ராடிக்கல்கள்) தனி எலக்ட்ரான்களும்தான்.

சோதனை இப்படி: புதிய இடத்தில் ஒரு நிமிட சேன்ஸ் ஸ்கேன்களைப் பத்து முறை தொடர்ந்து எடுங்கள். முதலும் பத்தாவதும் மேலே மேலே பொருந்தினால் அந்த அளவு கதிர்வீச்சு வரை பயமில்லை. பொருந்தாவிட்டால், இணைதிறனை நேரத்துக்கு எதிராக வரைந்து, பூச்சியத்துக்கு நீட்டிப் பாருங்கள். அதுதான் உண்மையான தொடக்க மதிப்பு. பிறகு தடுப்பு: கற்றையை விரியுங்கள், அலுமினிய வடிகட்டி இடுங்கள், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இடம் மாற்றுங்கள், கிரையோஸ்டாட்டில் உறையவையுங்கள். குளிர்ச்சி, உறுப்புகள் நகர்வதைத் தடுக்கிறது. ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. உறைந்த மாதிரிக்கும் இதே சோதனை வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஆகும் நேரத்தைப் பலர் மிச்சப்படுத்துகிறார்கள். நுண்கற்றையில் அது பெரும் ஆபத்து: சில மைக்ரான் புள்ளியில் குவிந்த செறிவு, விரிந்த கற்றையில் நாள் முழுக்கக் கிடைப்பதைச் சில நொடிகளில் கொடுத்துவிடும்.

படி 7: ஸ்கேன் அமைப்பு

விளிம்புக்கு 200 முன்பிருந்து 20 முன்பு வரை 5 எலக்ட்ரான் வோல்ட் படி. அங்கிருந்து விளிம்புக்கு 50 மேல் வரை 0.3 முதல் 0.5; அதன் பின் அலை எண்ணில் 0.05 படி. எக்சாஃப்ஸ் அலை தொலைவில் மங்குவதால் அங்கே எண்ணும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே நீண்ட ஸ்கேனைவிடப் பல குறுகிய ஸ்கேன்கள் மேல். கற்றை விழுந்தாலும் இழப்பு குறைவு, மாற்றமும் தெரியும்.

ஒப்பீட்டுச் சேர்மங்களை அதே பயணத்தில், அதே அமைப்பில் அளந்துவிடுங்கள். ஆர்செனிக்குக்குக் குறைந்தபட்சம்: ஃபெர்ரிஹைட்ரைட்டில் உட்கவர்ந்த ஆர்சனேட், அதிலேயே ஆர்சனைட், ஸ்கோரோடைட், ஆர்பிமென்ட், ஆர்செனோபைரைட்.

நுண் வரைபடம்: சிறு எச்சரிக்கைகள்

மெல்லிய பாறைச் சீவலைச் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள். அதிலுள்ள இரும்பு, ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் ஒளிரும். உருகிய குவார்ட்ஸ் தகடு பயன்படுத்துங்கள். 30 மைக்ரான் தடிமன் வழக்கம். கற்றை 2 மைக்ரான் என்றாலும் 45 பாகையில் அது முழுத் தடிமனையும் துளைப்பதால், அடியில் புதைந்த துகளும் சேர்ந்துதான் தெரியும்.

நேரக் கணக்கு: 1 மி.மீ. சதுரத்தில் 2 மைக்ரான் படி என்றால் 2,50,000 புள்ளிகள். புள்ளிக்கு 10 மில்லிநொடி வைத்தால் 42 நிமிடம்; 100 மில்லிநொடி வைத்தால் ஏழு மணி நேரம். முதலில் 20 மைக்ரான் படியில் ஓடி, எங்கே பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு நுணுக்கத்துக்கு இறங்குங்கள். வரைபடத்தில் மாறுபட்ட இடங்களைத் தேர்ந்து அங்கே சேன்ஸ் எடுப்பது நல்ல வழக்கம். ஆனால் ஐந்து புள்ளிகள் ஐந்து புள்ளிகளே. மண் முழுவதற்குமான விகிதம் விரிந்த கற்றையில்தான் கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

டோமோகிராஃபியும் உயர் அழுத்தமும்

பாறையின் நுண்துளை வலையைப் பார்க்க ஆற்றலும் விட்டமும் பொருந்த வேண்டும். 5 மி.மீ. குவார்ட்ஸ் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 3 சதவீத ஒளியையே விடும். 30-இல் 31 சதவீதம். 10 முதல் 40 சதவீதம் வருமாறு அமையுங்கள். 2,048 பிக்சல் அகல டிடெக்டருக்கு முறைப்படி 3,200 திசைப் படங்கள் தேவை. நடைமுறையில் பாதி போதும் என்று பலர் ஓட்டுகிறார்கள், வேகமான செயல்முறைகளுக்கு அதுவே சரி. வளையக் கோடுகளுக்குக் காரணம் டிடெக்டரின் குறைப் பிக்சல்கள். இரட்டை விளிம்பு தெரிந்தால் மாதிரி அசைந்திருக்கிறது அல்லது சுழல் அச்சின் நடு தவறியிருக்கிறது. மெழுகில் நட்ட மாதிரி கற்றைச் சூட்டில் சாயும், எபாக்சி பயன்படுத்துங்கள்.

பூமியின் ஆழத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவருவது வைர அடைகல், அதாவது மாதிரியை இரு வைர முனைகளுக்கு நடுவே நசுக்கும் கருவி. மூடகமும் உள்ளகமும் சந்திக்கும் இடத்தில் 136 கிகாபாஸ்கல், மையத்தில் ஏறத்தாழ 364. 2004-இல் ஸ்பிரிங்-8-இல் சுமார் 125 கிகாபாஸ்கல், 2,500 கெல்வினில் மெக்னீசியம் சிலிகேட்டின் புதிய கட்டம் தென்பட்டது. மூடகத்தின் அடித்தளத்தில் நில அதிர்வு அலைகள் காட்டிய விசித்திரத்துக்கு அது ஒரு விளக்கம் தந்தது. இங்கே நடைமுறைத் தவறுகள் வேறு மாதிரி. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளியும் கதிர் வெளிவர 30 பாகை வாயும் இருந்தால் 0.8 ஆங்ஸ்ட்ராம் வரையிலான தளங்களே தெரியும். அழுத்தத்தைச் சமமாகப் பரப்பும் மெத்தனால்–எத்தனால் 4:1 கலவை 10 கிகாபாஸ்கலுக்கு மேல் இறுகிவிடும். நியானோ ஹீலியமோ ஏற்றுங்கள். அழுத்தமானியாகப் பயன்படும் ரூபியின் ஒளிர்வு வரி கிகாபாஸ்கலுக்கு 0.365 நானோமீட்டர் நகர்கிறது. லேசரால் சூடாக்கும்போது வைரத்தின் கார்பன் மாதிரிக்குள் ஊறும். இரும்பு சூடான இடத்தைவிட்டு ஒதுங்கும். சூடாக்கிய புள்ளியைப் பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெட்டிப் பார்க்காமல் அதன் வேதி அமைப்பை உறுதியாகச் சொல்ல வேண்டாம்.

தரவைப் படித்தல்

உட்கவர் நிறமாலைக்கு அதீனா அல்லது லார்ச், விளிம்பு விளைவுப் படங்களுக்கு டயோப்டாஸ், டோமோகிராஃபிக்கு டோமோபை, எல்லாம் இலவசம். முதலில் தங்கத் தகட்டை வைத்து ஒவ்வொரு ஸ்கேனையும் ஒரே ஆற்றல் அளவில் நிறுத்துங்கள். பிறகே சராசரி. வரிசை மாறினால் உச்சிகள் அகன்றுவிடும்.

இயல்புநிலைக் கோட்டில் செய்யும் சிறு தவறு முடிவு வரை வரும். முன்கோடு விளிம்புக்கு 150 முதல் 30 முன்பு வரை, பின்கோடு 150 மேலிருந்து முடிவு வரை. எல்லா மாதிரிகளுக்கும் ஒப்பீடுகளுக்கும் ஒரே எல்லை.

தங்கத் தகடு 11,919-இல் நிற்கும்போது ஆர்செனோபைரைட்டின் முதல் உச்சி சுமார் 11,868 முதல் 11,869 வரை, ஆக்சிஜனோடு சேர்ந்த மூன்று இணைதிறன் 11,871, ஐந்து 11,875 என விழும். கண்ணாலேயே பிரித்தறியலாம். கலவை விகிதத்துக்கு ஒப்பீட்டு நிறமாலைகளின் நேரியல் கூட்டுப் பொருத்தம் செய்யுங்கள். கூட்டுத்தொகையை 1 என்று கட்டாயப்படுத்தாமல் விடுங்கள், 0.95–1.05-க்கு வெளியே போனால் இயல்புநிலைக் கோட்டிலோ ஒப்பீட்டிலோ கோளாறு. 5 சதவீதத்துக்குக் கீழான பங்கை உண்மை என்று எழுதாதீர்கள். பட்டியலில் இல்லாத கனிமத்தை மென்பொருள் கண்டுபிடிக்காது. அதற்கு மிக நெருங்கியதைப் பெயரிட்டு, நல்ல பொருத்தம் என்றும் சொல்லும். வேறு முறை ஒன்றில் உறுதிசெய்யுங்கள்.

எக்சாஃப்ஸில் அலை எண் 3 முதல் 12 வரை என்றால் தூரப் பிரிதிறன் 0.17 ஆங்ஸ்ட்ராம். 1 முதல் 3 ஆங்ஸ்ட்ராம் வரை பொருத்தினால் சார்பற்ற புள்ளிகள் சுமார் 11. அதில் எட்டு மாறிகளை மிதக்கவிட்டால் எதுவும் பொருந்தும். ஆர்சனேட்டில் ஆர்செனிக்–ஆக்சிஜன் 1.69, ஆர்சனைட்டில் 1.78, ஆர்பிமென்ட்டில் கந்தகத்தோடு 2.28 ஆங்ஸ்ட்ராம். ஆர்சனேட்டில் ஆக்சிஜன் எண்ணிக்கையை 4 என்று நிறுத்திவிட்டு மற்றதைத் தேடுங்கள். இரும்பு 3.26 முதல் 3.30-இல் வந்தால் ஆக்சைடு மேற்பரப்பில் இரு பற்களால் ஒட்டியிருக்கிறது, 3.35-ஐ நெருங்கினால் ஸ்கோரோடைட்டைச் சந்தேகியுங்கள். இந்த இடத்துக்கு அருகே, 3.1-இல், ஆக்சிஜன் நான்முகத்துக்குள் நடக்கும் பன்முறைச் சிதறலும் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் விட்டால் இரும்பின் எண்ணிக்கை தவறும், சில சமயம் இல்லாத இரும்பே முளைக்கும். நைட்ரஜனா ஆக்சிஜனா என்று எக்சாஃப்ஸிடம் கேட்காதீர்கள். அடுத்தடுத்த அணு எண்களை அதனால் பிரிக்க முடியாது.

கட்டுரையில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மோனோகுரோமேட்டர் படிகம், கற்றை அளவு, வெப்பநிலை, ஸ்கேன்களின் எண்ணிக்கை, கற்றைச் சேதச் சோதனையின் முடிவு, பொருத்தத்தின் எல்லைகள், ஒப்பீட்டுச் சேர்மங்களின் மூலம், ஆற்றல் அளவீட்டுக்கு வைத்த தகடும் அதற்குக் கொடுத்த எண்ணும். கடைசி ஒன்று விடுபட்டால், உங்கள் 11,871-ஐயும் இன்னொரு குழுவின் 11,869-ஐயும் யாராலும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாது.